தாயின் எடையும் தாயின் குற்றமும்

கருவுற்ற பெண்ணின் உடல் அளக்கப்படும் உடலாகும். கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அவள் நிறுக்கப்படுகின்றாள். குறித்த மாதங்களில் குருதி எடுக்கப்படுகின்றது. எடை, ஈமோகுளோபின், சீனி என எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அட்டையில் ஏறுகின்றன. இவ்வெண்கள் வேண்டாதவை எனக் கூறுவார் எவருமிலர். பிரசவத்தில் தாய் இறப்பது வழமையான செய்தியாயிருந்த காலத்தினின்றும் இலங்கை விடுபட்டமைக்கு இவ்வட்டையும், வீடு வீடாகச் சென்று அதனை நிரப்பிய மருத்துவமாதும் ஆற்றிய பங்கு வரலாறறிந்தது. ஆகவே இங்கு எழுப்பப்படும் வழக்கு எண்கள் வாசிக்கப்படும் முறை பற்றியதேயாகும்.

எடை விரைந்து ஏறினால் அவள் வாயைக் கட்டவில்லை. எடை ஏறாவிடின் பிள்ளைமீது அக்கறையில்லை. ஈமோகுளோபின் இறங்கினால் கொடுத்த மாத்திரையை எறிந்துவிட்டாள். சீனி கூடினால் இனிப்பை விடவில்லை. எந்த எண் எத்திசையில் நகர்ந்தாலும் தீர்ப்பு ஒன்றாகவே இருக்கின்றது. உடலியல் நிகழ்ச்சியொன்று ஒழுக்கக் குறைபாடாக மொழிபெயர்க்கப்படுகின்றது. இம்மொழிபெயர்ப்பை விஞ்ஞானம் எனக் கொள்வது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே கேள்வி.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1889 ஆம் ஆண்டில் லுட்விக் புறோகோவ்னிக் என்னும் செருமானிய மருத்துவர், இடுப்பெலும்பு ஒடுங்கிய பெண்களுக்கென, கர்ப்பத்தின் இறுதி வாரங்களுக்குரிய உணவுமுறையொன்றை வெளியிட்டார். மாப்பொருளையும் நீரையும் குறைத்துச் சிசுவைச் சிறிதாக்கிப் பிரசவத்தை இலகுவாக்குதல் அதன் நோக்கமாகும். வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்தல் உயிராபத்தாயிருந்த அந்நாளில் இந்நோக்கத்திற் கருணையும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின் இடுப்பெலும்பு ஒடுங்கியது எதனால்? ஐரோப்பியக் கைத்தொழில் நகரங்களில் வெயிலும் சத்துமின்றி வளர்ந்த ஏழைச் சிறுமியரைப் பீடித்த என்புருக்கி நோய் அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று. குழந்தைப் பருவத்து வறுமை ஒடுக்கிய எலும்புக்கு, தாய்மைப் பருவத்துப் பட்டினி மருந்தாக எழுதிக்கொடுக்கப்பட்டது.

பின்வந்தோரிடம் அக்கருணையும் எஞ்சவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கர்ப்பகால வலிப்புக்கு மிகையான எடை அதிகரிப்பே காரணம் என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவத்தில் வேரூன்றியது. உண்மையில் அந்நோயில் உடலில் நீர் தேங்குவதால் எடை சடுதியாக ஏறுகின்றது. விளைவு காரணமாகக் கொள்ளப்பட்டது. உப்பில்லா உணவும், நீரை வெளியேற்றும் மருந்துகளும், ஐக்கிய அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் பசியடக்கும் அம்பெற்றமீனும் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்டன. இன்று போதைப்பொருளாகக் கட்டுப்படுத்தப்படும் ஒன்று அன்று தாய்மையின் ஒழுங்கைக் காக்கும் மருந்தாக விளங்கிற்று. 1970 இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவொன்று இவ்விறுக்கமான கட்டுப்பாட்டைக் கண்டித்து, 20 முதல் 25 இறாத்தல் வரையிலான அதிகரிப்பே பொருத்தமானது என அறிவித்தது. அதுவரை பட்டினி கிடந்த தாய்மாரிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று பெரிதும் எடுத்தாளப்படுவது 2009 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அட்டவணையாகும். கருவுறுமுன் உள்ள உடற்றிணிவுச் சுட்டி 18.5 இற்குக் குறைந்த பெண் 12.5 முதல் 18 கிலோகிராம் வரையும், 18.5 இற்கும் 25 இற்கும் இடைப்பட்டவள் 11.5 முதல் 16 வரையும், அதற்கு மேற்பட்டவள் 7 முதல் 11.5 வரையும், 30 ஐயும் கடந்தவள் 5 முதல் 9 வரையும் எடை கூடலாம் என்பது அதன் விதி. முந்திய விதிகளிலும் இது நன்று. தாயின் தொடக்க நிலையையாவது கருத்திற்கொள்கின்றது. ஆயினும் அமெரிக்கப் பெண்களின் தரவுகளை முதன்மையாகக் கொண்டு வகுக்கப்பட்ட இவ்விதி கடல் கடந்ததும் இயற்கை விதியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகின்றது. ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 147 சென்ரிமீற்றர் உயரமும் 18 உடற்றிணிவுச் சுட்டியும் உடைய பெண்ணின் எடை ஏறத்தாழ 39 கிலோகிராம். அதே சுட்டியுடைய 165 சென்ரிமீற்றர் உயரப் பெண்ணின் எடை 49 கிலோகிராம். இருவரும் குறைந்தது 12.5 கிலோகிராம் கூடவேண்டும் என்றால், முன்னையவள் தன் எடையில் மூன்றிலொரு பங்கையும் பின்னையவள் நான்கிலொரு பங்கையும் கூட்டவேண்டியவளாகின்றாள். 1990 இல் அந்நிறுவனம் வெளியிட்ட முந்திய அட்டவணை, 157 சென்ரிமீற்றரிலும் குறைந்த உயரமுடையோர் கீழெல்லையை நாடலாம் என்றது. போதிய சான்றில்லையெனப் பின்னைய அட்டவணை அதனைக் கைவிட்டது. தென்னாசியப் பெண்களில் மிகப்பலர் அடங்கும் ஒரு பிரிவைப் பற்றிச் சான்றில்லை எனின், அச்சான்றைத் தேடவேண்டிய கடப்பாடு யாருடையது?

இனி, இவ்வெடைதான் யாது? ஹைற்றன், லீற்ச் ஆகியோர் 1964 இல் வெளியிட்ட மனிதக் கர்ப்பத்தின் உடற்றொழிலியல் பற்றிய நூல் இதனைக் கூறுபடுத்திக் காட்டிற்று. சராசரியாக ஏறும் 12.5 கிலோகிராமில் சிசுவுக்குரியது ஏறத்தாழ 3.4 கிலோகிராம் மாத்திரமே. சூல்வித்தகம், பனிக்குட நீர், விரிந்த கருப்பை, பருத்த மார்பு ஆகியவை ஒரு பங்கு. பாலூட்டும் மாதங்களுக்கென உடல் சேமிக்கும் கொழுப்பு மூன்று கிலோகிராமிற்குச் சற்று மேல். ஏனையவற்றுட் பெரும்பகுதி நீர். அந்நீரிலும் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராம் தாயின் குருதியாகவே பெருகுகின்றது. தராசு இவற்றைப் பிரித்தறியாது.

இக்குருதிப் பெருக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கர்ப்பத்தில் குருதியின் நீர்ப்பகுதியாகிய திரவவிழையம் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை பெருகுகின்றது. செங்குழியங்களும் பெருகுகின்றன, எனினும் அவ்வளவு பெருகுவதில்லை. ஆகவே குருதி ஐதாகின்றது. ஈமோகுளோபினின் செறிவு இறங்குகின்றது. தாயின் உடல் செம்மையாகத் தொழிற்படுவதன் அடையாளமே இவ்விறக்கம். ஐதான குருதி சூல்வித்தகத்தின் ஒடுங்கிய இடைவெளிகளில் இலகுவாக ஓடும். இப்பொழுது அட்டையைப் பார்க்குக. ஐந்தாம் ஆறாம் மாதங்களில் எடைக்குரிய நிரலில் எண் ஏறுகின்றது. ஈமோகுளோபினுக்குரிய நிரலில் எண் இறங்குகின்றது. அவ்வேற்றத்தின் ஒரு பகுதியும் இவ்விறக்கமும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். எடைக்காகப் பாராட்டப்பட்ட தாய், அடுத்த மேசையில் ஈமோகுளோபினுக்காகக் கண்டிக்கப்படுகின்றாள்.

1995 இல் ஸ்ரீயரும் உடனாய்வாளரும் லண்டன் வடமேற்குத் தேம்ஸ் பிராந்தியத்தில் நிகழ்ந்த 153,602 கர்ப்பங்களை ஆராய்ந்தனர். கர்ப்பகாலத்தில் ஈமோகுளோபின் தொட்ட மிகக் கீழ்நிலை டெசிலீற்றருக்கு 9.5 முதல் 10.5 கிராம் வரையாக இருந்த தாய்மாரிடையேதான் எடை குறைந்த பிறப்புகளும் முதிராப் பிறப்புகளும் மிகக் குறைவாக இருந்தன. 10.5 இற்குக் கீழே இறங்கத் தவறியவர்களிடையே அவை கூடுதலாயிருந்தன. உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் இரத்தச்சோகைக்கு வகுத்த எல்லை 11 கிராம் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இதனைக் கொண்டு ஈமோகுளோபின் எவ்வளவு குறையினும் நன்று என வாதிப்பது பெருந்தவறாகும். இரும்புச்சத்தின்றிக் குருதி வற்றிய தாய், பிரசவத்தின்போது பிறள் தாங்கும் குருதியிழப்பைத் தாங்கமாட்டாள். இவ்வுண்மை எத்தனையோ உயிர்களால் எழுதப்பட்டது. ஆனால் நீர் கூடியதால் ஐதான குருதியும் இரும்பு இல்லாமையால் வெளிறிய குருதியும் ஒன்றல்ல. இவற்றை வேறுபடுத்தச் செங்குழியத்தின் பருமனையும், சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிற்றினையும் நோக்குதல் வேண்டும். ஃபெரிற்றினும் குறையற்ற சாட்சியன்று. உடலில் தொற்றோ அழற்சியோ உள்ளபோது இரும்பு இல்லாமலே அது உயர்ந்து நிற்கும். ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு பெண்ணைக் கடிந்துகொள்வதற்குக் குருதியியல் இடந்தருவதாயில்லை. (இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவேண்டாம் எனத் தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணிக்கு அறிவுரை கூறப்படுவதில் உள்ள முரண்நகை வேறொரு கட்டுரைக்குரியது. தேநீர் இரும்பின் உறிஞ்சலைத் தடுப்பது உண்மையே.)

சீனியின் கதை இதனினும் தெளிவானது. சூல்வித்தகம் சுரக்கும் ஓமோன்கள் தாயின் கலங்கள் இன்சுலினுக்கு இணங்குவதைக் குறைக்கின்றன. அதனால் தாயின் குருதியில் உணவுக்குப் பின் குளுக்கோசு சற்று நீடித்து நின்று சிசுவை அடைகின்றது. எல்லாக் கர்ப்பங்களிலும் நிகழும் இவ்வியற்கை ஏற்பாடு எந்த அளவைக் கடந்தால் நோயாகும்? 1964 இல் பொஸ்ரன் நகரில் ஓசலிவனும் மாகனும் 752 பெண்களின் பரிசோதனைகளை அடியாகக் கொண்டு எல்லைகளை வகுத்தனர். அவ்வெல்லைகள் தாய் பிற்காலத்தில் நீரிழிவுக்குள்ளாவாளா என்பதை முன்னறிவதற்காகத் தெரியப்பட்டவை. சிசுவின் நலம் அவற்றின் அளவுகோலாயிருக்கவில்லை. எனினும் பல பத்தாண்டுகளாகச் சிசுவின் பெயரிலேயே அவை தாய்மார்மீது பிரயோகிக்கப்பட்டன.

2008 இல் ஒன்பது நாடுகளில் இருபத்துமூவாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்த பேராய்வொன்று வெளிவந்தது. குளுக்கோசு ஏறஏற ஆபத்தும் சிறிது சிறிதாக ஏறுகின்றது. இன்ன இடத்தில் நலம் முடிந்து நோய் தொடங்குகின்றது எனக் காட்டும் கோடு எதுவுமில்லை என்பதே அதன் முடிவு. கோடில்லாத இடத்தில் 2010 இல் நிபுணர் குழுவொன்று கோடு கீறியது. வெறுவயிற்றில் லீற்றருக்கு 5.1 மில்லிமோல், குளுக்கோசு அருந்தி ஒரு மணித்தியாலத்தின் பின் 10.0, இரண்டு மணித்தியாலத்தின் பின் 8.5. இவற்றை 2013 இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. கோடு கீறுதல் தவறன்று. மருத்துவன் எங்கோ ஓரிடத்தில் சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். கீறிய கோட்டை இயற்கை கீறியதாகப் பாவனை செய்தலே தவறு. 2022 இல் நியூசிலாந்தில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் இவ்வெல்லைகளையும் உயர்ந்த எல்லைகளையும் ஒப்பிட்டனர். தாழ்ந்த எல்லை பயன்படுத்தப்பட்டோருள் 15.3 சதவீதத்தினரும், உயர்ந்த எல்லை பயன்படுத்தப்பட்டோருள் 6.1 சதவீதத்தினரும் நோயாளர் எனப் பெயர் பெற்றனர். மிகைப்பருமனான குழந்தைகளின் வீதமோ முறையே 8.8, 8.9. இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட சிலருக்குச் சிகிச்சை பயனளித்தது என்பதையும் அவ்வாய்வே காட்டிற்று. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் நோயாளர் என்ற பெயரோடு ஊசிகளும், உணவுத் தடைகளும், அச்சமும், வீட்டாரின் குறைகூறலும் வந்துசேர்ந்த பெண்களின் தொகை இரண்டு மடங்கினும் கூடியமை, கோட்டைக் கீறுவோர் வெறும் எண்ணைக் கீறவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

தராசின் மடமையைக் கண்டு சலித்த ஒரு சாரார், குருதிக் குறிகாட்டிகளே இனி உண்மையைக் கூறும் என்கின்றனர். லெப்ரின், அடிப்போனெக்ரின், அழற்சியைக் காட்டும் புரதங்கள், கொழுமியங்கள் ஆகியவற்றை அளந்தால் எந்தத் தாய் மிகையாக எடை கூடுவாள் என்பதை முற்கூட்டியே அறியலாம் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. 1994 இல் அறியப்பட்ட லெப்ரின் கொழுப்புக் கலங்களிலிருந்து சுரந்து பசியை அடக்குவது. ஆனால் கர்ப்பத்தில் சூல்வித்தகமும் அதனைச் சுரக்கின்றது; மூளையோ அதற்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றது. கொழுமியங்களும் இறுதி மாதங்களில் உயர்வது இயல்பு. கர்ப்பமில்லாத உடலில் எச்சரிக்கையாகும் எண் கர்ப்பத்தில் வெறும் வழிப்போக்கனாக இருக்கலாம். தராசிலிருந்து சோதனைக்குழாய்க்கு மாறிய நம்பிக்கையும் பழைய நம்பிக்கையே.

இவ்விடத்து மற்றொரு சாராருக்கும் மறுமொழி கூறவேண்டியுள்ளது. தராசும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பாட்டிமார் எந்தக் குருதியைச் சோதித்துப் பிள்ளை பெற்றனர் எனக் கேட்போர் அவர். அப்பாட்டிமாரோடு பிரசவித்து மாண்டவர்கள் பேரப்பிள்ளைகளைக் காணவில்லை என்பதே அதற்கு விடையாகும்.

குருதிக் குறிகாட்டி நேர்மையாகப் பயன்படுத்தப்படின் எதனைக் காட்டும் என்பதற்குப் பூனே நகரை அடுத்த கிராமங்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் உடனாய்வாளரும் 1990கள் முதல் நிகழ்த்திவரும் ஆய்வு சான்றாகும். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம். தராசின்படி அவை மெலிந்தவை. ஆயின் தசையிலும் உறுப்புகளிலும் மெலிந்த அக்குழந்தைகள் தோலின்கீழ்க் கொழுப்பை இழக்கவில்லை. நீரிழிவுக்குரிய உடலமைப்போடு அவை பிறந்தன. தாய்மாருள் அரைவாசிக்கு மேற்பட்டோரின் குருதியில் விற்றமின் பி12 குறைந்திருந்தது. பி12 குறைந்து ஃபோலேற்று உயர்ந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஆறு வயதில் இன்சுலினுக்கு இணங்காமையை மிகுதியாகக் காட்டினர் என 2008 இல் அறிவிக்கப்பட்டது. ஃபோலிக் அமிலம் சிசுவின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளைத் தடுப்பது ஐயத்துக்கிடமற்றது. எனினும் பாலும் முட்டையும் மீனும் அருகிய தட்டுக்கு ஒரு மாத்திரை ஈடாகாது என்பதை அக்குருதி உரைத்தது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. வயலிலும் வீட்டிலும் கடினமாக உழைத்த தாய்மாரின் குழந்தைகள் அளவிற் சிறியனவாயிருந்தன. தாய் எதனை உண்டாள் எனக் கேட்கும் மருத்துவம், அவள் எவ்வளவு நேரம் நின்றாள், எவ்வளவு சுமந்தாள் எனக் கேட்கத் தயங்குவது ஏன்?

அறிவுரை கூறுதல் செலவற்றது என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் அதன் பயன் யாது? 2014 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் எடை மிகுந்த 2212 கர்ப்பிணிகள் இரு பிரிவாக்கப்பட்டு ஒரு பிரிவினருக்கு உணவும் உடற்பயிற்சியும் பற்றிய ஆலோசனை முறையாக வழங்கப்பட்டது. மிகைப்பருமனான குழந்தைகளின் தொகை அதனாற் குறையவில்லை. 2015 இல் பிரித்தானியாவில் 1555 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வும் கர்ப்பகால நீரிழிவு அவ்வாறு குறையவில்லை எனக் கண்டது. பயிற்சி பெற்றோர் பொறுமையோடு திரும்பத்திரும்பக் கூறிய அறிவுரையே இவ்வளவுதான் செய்யுமெனின், நெரிசல்மிக்க கிளினிக்கில் அரை நிமிடத்தில் வீசப்படும் கடுஞ்சொல் எதனைச் சாதிக்கும்?

தாயின் நடத்தைக்கு அப்பாற்பட்ட காரணங்கள் குருதியில் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதற்கு நெதர்லாந்து சான்று பகரும். 1944-45 பனிக்காலத்தில் செருமானிய முற்றுகையால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே சென்றது. அப்போது கருவிலிருந்தோரை ஐம்பது ஆண்டுகளின் பின் சோதித்தபோது, அவர்களின் குருதி குளுக்கோசைக் கையாளும் ஆற்றலிற் குன்றியிருந்தது. அந்தத் தாய்மாருக்கு யார் எந்த உணவு ஆலோசனையைக் கூறியிருத்தல் கூடும்?

பேராதனையிலிருந்து சில மைல் தூரத்தில் தோட்டங்கள் உள்ளன. எடை குறைந்த பிறப்புகள் அங்கு நாட்டின் ஏனைய பகுதிகளை விட நெடுங்காலமாகக் கூடுதலாயுள்ளமை யாவருமறிந்தது. 1973 இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் அங்குள்ள கர்ப்பிணிகளுக்கும் உரியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அதன் விநியோகம் தடைப்பட்டது. அவ்வாண்டு அட்டையில் ஏறாத எடை எவருடைய அசட்டையின் பதிவு? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். குறித்த அளவு பறிக்காதவளுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்தின் வழக்கு. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பின்னர் திருத்தங்கள் பெற்று 84 நாள்களை வழங்குகின்றது. அவை பிரசவத்தைச் சூழ்ந்த வாரங்களுக்குரியவை. குருதி பெருகி, சிசு தசை கட்டும் இடைமாதங்களில் அவள் சரிவிலேயே நிற்கின்றாள்.

இத்தாயின் குருதியில் லெப்ரினை அளந்து ஆய்வேடு எழுதுதல் தகும், அளக்கட்டும். ஆனால் அதே ஆய்வேடு கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடப்படவேண்டும் என்றும், ஐந்தாம் மாதம் முதல் கொழுந்தின் அளவு அரைவாசியாக்கப்பட்டுச் சம்பளம் முழுமையாகத் தரப்படவேண்டும் என்றும், மாத்திரையோடு முட்டையும் வழங்கப்படவேண்டும் என்றும் கூறத் துணியவேண்டும். மருத்துவ பீடத்தாருக்கு இவை தம் துறைக்குப் புறம்பானவையாகத் தோன்றலாம். அங்ஙனமாயின் தம் துறைக்குள் நின்றே ஒன்றைச் செய்யலாம். கர்ப்பிணியின் அட்டையில் எடைக்கும் ஈமோகுளோபினுக்கும் உரிய நிரல்களுக்கு அருகே, அம்மாதம் அவள் பறித்து நிறுத்துக்கொடுத்த கொழுந்தின் கிலோகிராம்களுக்கும் ஒரு நிரல் சேர்க்கலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அவ்வெண் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் நாள்தோறும் எழுதப்பட்டே வருகின்றது.